கட்டைவிரல் மறைத்த மூலை

"குடிக்கிறவனுக்கு இருபத்தொரு வயசு ஆச்சான்னு கேக்கிறது நியாயம்தான்லா. குடிக்காத ஆளுக்கு வேலை போகுதே, அதை எந்த ஆப் கேக்கும்?" என்றான் வசந்தன்.

குமுதவல்லி பூதக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நெகிரி செம்பிலான் மாநிலத்து அம்பாங்கானில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். பதினெட்டு வருடம் அடையாள அட்டைப் பதிவு முகப்பில் உட்கார்ந்து, ஐந்தடி தூரத்திலிருந்தே ஓர் ஐசி அசலா நகலா என்று சொல்லக்கூடிய கண்ணைச் சம்பாதித்துக்கொண்டு, பிறகு வேலையை விட்டவர். வசந்தன் அவருடைய உதவியாளன். பத்து வருடம் செம்பனை லோரி ஓட்டியவன். வாயை மட்டும் இன்னும் நான்காவது கியரிலேயே வைத்திருந்தான்.

எதிரில் உட்கார்ந்திருந்த லோகேஸ்வரிக்கு முப்பத்து நான்கு வயது. லிங்கிக்குப் பக்கத்தில் பாயா செராய் தோட்டத்தில் பாலர்பள்ளி ஆசிரியை. பள்ளியை நடத்துவது தோட்டத்துக் கோயில் செயற்குழு. அந்தச் செயற்குழுதான் நாளை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பெற்றோர் கூட்டத்தில் அவரை வேலையைவிட்டு நிறுத்தப் போகிறது.

"கடிதம் எழுதியாச்சாம் அக்கா. கையெழுத்துதான் பாக்கி."

கைப்பேசியை நீட்டினார். தோட்டத்து வாட்சப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு படம். கசங்கிய பை. பையில் ஒட்டிய சீட்டு. சீட்டில் பேனாவால் 'லோகேஸ்வரி' என்று ஆங்கில எழுத்தில் ஒரு பெயர், பக்கத்தில் நான்கு எண்கள். மேலே அச்சில்: ஸ்டவுட் பீர் இரண்டு போத்தல், எலுமிச்சம்பழம் மூன்று. படத்துக்குக் கீழே கோயில் தலைவர் சத்தியசீலன் எழுதியிருந்தார்: 'நம் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கும் கை இதுதான். ஞாயிற்றுக்கிழமை முடிவெடுப்போம்.'

"பையைக் காட்டுக்குள்ள குரங்கு இழுத்துப் போட்டிருக்கு. யாரோ படம் எடுத்து விட்டாங்க. நான் மோர்கூட வீட்டுலதான் குடிப்பேன் அக்கா."

சீட்டு எப்படி உருவாகிறது என்று தெரிந்தால்தான் இந்தக் கதை புரியும். கைப்பேசி ஆப்பில் மது வாங்கினால், வாங்குகிறவர் வாசலில் ஐசியை நீட்ட வேண்டும். கொண்டுவரும் ரைடர் அதைப் படம் பிடிப்பார். பிறகு பையில் ஒட்டிய சீட்டில், ஐசியில் உள்ள பெயரையும் கடைசி நான்கு எண்களையும் கையால் எழுதுவார். ஆக, எவருடைய ஐசியோ நீட்டப்பட்டிருக்கிறது. அது லோகேஸ்வரியின் ஐசி.

ஆனால் லோகேஸ்வரியின் ஐசி லோகேஸ்வரியின் கைப்பையில் இருந்தது.

"நீங்க சொன்ன மாதிரியே அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். என் விவரத்தை வச்சிருக்கீங்களே, என்ன வச்சிருக்கீங்கன்னு. நேத்து அனுப்பிட்டாங்க."

நான்கு தாள்கள். நான்கு டெலிவரி. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், இடம், ரைடர் பெயர், ஐசியின் படம். ஓரிடத்தில் மட்டும் தடித்த கறுப்புப் பட்டை. அதற்குக் கீழே ஒரு வரி: 'கணக்கு வைத்திருப்பவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அவரது தனியுரிமையைக் காக்கும் பொருட்டு மறைக்கப்பட்டுள்ளன.'

வசந்தன் கைதட்டினான். "பார்த்தீங்களா! திருடனுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி விட்டுட்டானுங்க. பறிகொடுத்தவங்களை வெயில்ல நிக்க வச்சுட்டானுங்க. என்ன ஒரு மரியாதை!"

"சும்மா இருடா," என்று குமுதவல்லி முதல் தாளின் மேல் குனிந்தார். "தங்கச்சி, ஐசியில இந்தச் சிப்பு இருக்கே, அது உலோகம். வெயில் பட்டா மின்னும். இந்தப் படம் எல்லாமே நடுப்பகல்ல எடுத்தது. பிளாஸ்டிக்ல வெளிச்சம் பளிச்சுன்னு ஓடுது. சிப்பு மட்டும் வேக வச்ச பரங்கிக்காய் மாதிரி மங்கலா கிடக்கு. இது உங்க ஐசி இல்ல. கலர் நகல். லேமினேட் பண்ணியிருக்காங்க."

"அப்ப நகல் வச்சிருக்கிற ஆளைப் பிடிச்சா முடிஞ்சுது," என்றான் வசந்தன். "இந்த நாட்டுல ஒருத்தரோட ஐசி நகல் எத்தனை பேர்கிட்ட இருக்கும்? ஒரு நாப்பது பேர்? கிளினிக்கு, போன் கடை, காவல் கொட்டகை, அரிசி மூட்டை கொடுக்க வந்தவன், அதைப் படம் எடுக்க வந்தவன்..."

"கட்டைவிரலைப் பாரு."

நான்கு படங்களிலும் மோட்டோ கையுறை போட்ட ஒரு கட்டைவிரல், அட்டையின் வலது கீழ் மூலையை அழுத்திப் பிடித்திருந்தது.

"அட!" வசந்தன் துள்ளினான். "அந்த மூலையிலதானே மலாய்ல பெரம்புவான், பெண்ணுன்னு போட்டிருக்கும்? பொம்பளை ஐசின்னு தெரியக் கூடாதுன்னு ஆம்பளை ஒருத்தன் மறைக்கிறான். கேஸ் முடிஞ்சுது. தே தாரிக் வாங்கிக் கொடுங்க."

குமுதவல்லி சிரித்தார். இந்த மாதிரி நேரத்தில் அவருக்குள் இருக்கும் பழைய முகப்பு அதிகாரி விழித்துக்கொள்வார்.

"நம்ம ஐசி நம்பர் பன்னிரண்டு எண். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த ரெண்டு பிறந்த மாநிலம். நெகிரி செம்பிலான்னா பூஜ்யம் அஞ்சு. கடைசி எண் ஒற்றைப்படைன்னா ஆண், இரட்டைப்படைன்னா பெண். இங்க கடைசி எண் எட்டு, நல்லாத் தெரியுது. அதுக்கு மேல, இவங்க மூஞ்சியே பளிச்சுன்னு பொட்டு வச்சுக்கிட்டு இருக்கு. இத்தனையையும் காட்டிட்டு பெரம்புவானை மட்டும் மறைக்கிறவன் எவ்வளவு பெரிய முட்டாளா இருக்கணும்? அவன் மறைச்சது வேற." லோகேஸ்வரி பக்கம் திரும்பினார். "நகல் கொடுக்கும்போது கோடு போடுவீங்களா?"

"போடாம கொடுப்பேனா? ரெண்டு கோடு குறுக்கால இழுத்து, நடுவுல எதுக்குன்னு எழுதிடுவேன். 'கிளினிக்குக்கு மட்டும்', 'போன் கடைக்கு மட்டும்'னு. அப்பதானே வேற எதுக்கும் பயன்படுத்த முடியாது."

"எங்க போடுவீங்க?"

"மூஞ்சி மேலேயே. நெத்தியிலேர்ந்து தாடை வரைக்கும்."

"எல்லா நகல்லயுமா?"

லோகேஸ்வரி யோசித்தார். "கோயில்ல கொடுத்ததுல மட்டும் இல்ல. பாலர்பள்ளி உரிமத்துக்குக் கலர் நகல் கேட்டாங்க. மூஞ்சி மேல கோடு போட்டா அசிங்கமா இருக்கும், மூலையில சின்னதா போடுன்னாங்க. அதனால கீழ..." அவர் நிறுத்தினார். விரல் தானாகத் தாளில் வலது கீழ் மூலைக்குப் போனது.

"மூஞ்சி மேல போட்ட கோட்டை மறைக்கணும்னா உள்ளங்கையையே வைக்கணும். கட்டைவிரலால மறைக்கக்கூடிய கோடு உலகத்துல ஒரே ஒரு நகல்லதான் இருக்கு," என்றார் குமுதவல்லி. "கோயில் அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"ரெண்டு பேர்கிட்ட. செயலாளர் சந்திரன், தலைவர் சத்தியசீலன்."

"தலைவர் குடிப்பாரா?"

"ஐயோ! மதுவிலக்குக் கூட்டம் போட்டவரே அவருதான். கோயிலைச் சைவமாக்கினவரும் அவருதான். சந்திரன் அண்ணன்தான் சனிக்கிழமை ஆனா லிங்கி பீர்க்கடையில உக்காந்திருப்பாரு."

"சந்திரன்," என்றான் வசந்தன், மேசையில் ஒரு தட்டுத் தட்டி. "சட்டையைக் கழட்டி பந்தயம் கட்டறேன்."

"உன் சட்டையை யாருக்கும் வேண்டாம்." குமுதவல்லி நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதி, சுவரில் தொங்கிய தமிழ் நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். புரட்டினார். மறுபடி புரட்டினார். "அமாவாசை. பௌர்ணமி. அமாவாசை. பௌர்ணமி. எல்லாம் பகல் பன்னிரண்டு மணி. வசந்தா, எந்தக் குடிகாரன்டா நாள்காட்டி பார்த்துக் குடிப்பான்?"

"ரொம்ப ஒழுக்கமான குடிகாரன்."

"இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?"

இன்றைய தேதிக் கட்டத்தில் கறுப்பு வட்டம் ஒன்று இருந்தது. அமாவாசை.

*

நான்கு டெலிவரியையும் செய்த ரைடர் பெயர் கிஷன். லிங்கிப் பக்கம் மது ஆர்டரை எடுக்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதால், தேடிப் பிடிப்பது கஷ்டமாக இல்லை. பத்து மணிக்கு லிங்கி உணவுக்கடை ஒன்றில் ரொட்டிச்சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். மேசையில் ஹெல்மெட், கைப்பேசி, இரண்டு வகைக் குழம்பு.

மூவரும் எதிரில் உட்கார்ந்து, குமுதவல்லி வந்த விஷயத்தைச் சொன்னதும் கிஷன் கையை உதறினார்.

"அக்கா, யார் வாங்கினாங்கன்னு நான் சொல்லக் கூடாது. கஸ்டமர் பிரைவசி. கம்பெனி ரூல். வேலை போயிடும்."

"அடேயப்பா," என்றான் வசந்தன். "இவங்க பேரு பத்துப் பதினஞ்சு குரூப்புல சுத்துது. கிழவி கிழவன் எல்லாம் கடைசி நாலு நம்பரை எடுத்து லாட்டரி எழுதுறாங்க. அந்தக் குடிகாரனோட பிரைவசியை மட்டும் நீங்க பொட்டியில வச்சுப் பூட்டுங்க பாஸ்."

கிஷன் லோகேஸ்வரியைப் பார்த்தார். ரொட்டியைக் கீழே வைத்தார்.

"சத்தியமா ஆளு யாருன்னு எனக்கே தெரியாது அக்கா. ஹெல்மெட் போட்டிருப்பாரு. கண்ணாடி இறக்கியிருக்கும். மோட்டோவை விட்டு இறங்கவே மாட்டாரு."

"இவர்னு சொல்றீங்க. ஆம்பளை. ஐசியில பொம்பளை படம் இருந்துச்சே, பார்க்கலையா?"

"ஆப் அதைக் கேக்கலையே."

குமுதவல்லியின் கண்கள் மின்னின. ஒரு பழுதான இயந்திரத்தைத் திறந்து காட்டச் சொன்னால் அவருக்கு வரும் சந்தோஷம் தனி. "என்ன கேக்குதுன்னு காட்டுங்க."

கிஷன் திரையைக் காட்டினார். அட்டை தெளிவாகத் தெரிகிறதா? ஆம். பிறந்த தேதிப்படி வயது இருபத்தொன்றைத் தாண்டிவிட்டதா? ஆம். பெயரைச் சீட்டில் எழுதிவிட்டீர்களா? ஆம். அவ்வளவுதான். மூன்று பச்சைப் பொத்தான்கள்.

"அட்டையில இருக்கிற ஆளும் எதிர்ல நிக்கிற ஆளும் ஒண்ணான்னு ஒரு கேள்வி இல்ல," என்றார் குமுதவல்லி மெதுவாக. ஒரு பாடம் நடத்துகிற மாதிரி விரல்களை மடக்கினார். "கடைக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு பதில். எதிர்ல நிக்கிற ஆளுக்கு இருபத்தொண்ணு ஆச்சா, இல்லையா. அதுக்காக இவங்க வாங்குறது பேரு, நம்பர், வீட்டு முகவரி, மூஞ்சி. வாங்கினதுல எதையாவது சரிபார்க்கிறாங்களா? எதையும் இல்ல. வேண்டாதது எல்லாத்தையும் வாரிப் போட்டுக்கிட்டு, வேண்டிய ஒண்ணை மட்டும் விட்டுட்டு வர்ற ஒரு இயந்திரத்தை எவ்வளவு சிரமப்பட்டு செஞ்சிருக்காங்க பாரு."

"எடுத்த படமெல்லாம் எங்க போகும்?" என்று கேட்டான் வசந்தன்.

"கம்பெனிக்கு."

"உங்க போன்ல?"

கிஷன் படத்தொகுப்பைத் திறந்தார். மகளின் பிறந்தநாள் கேக்குக்கு மேலேயும் கீழேயும் ஐசிக்கள். வரிசை வரிசையாக, முந்நூறுக்கும் மேல். சிரிக்காத முகங்கள்.

"லைன் இல்லாத இடத்துல முதல்ல இதுலதான் எடுப்பேன். அப்புறம் ஆப்புல ஏத்துவேன். அழிக்க மறந்துடும்."

"உங்க பொண்ணு கேக்கு வெட்டறதை முந்நூறு பேரு முறைச்சுப் பார்க்கறாங்களே, பாஸ்," என்றான் வசந்தன். "பாப்பா பயந்துக்காதா?"

"இப்பவே அழிங்க. என் கண் முன்னாலயே," என்றார் குமுதவல்லி. கிஷன் அழித்தார். அழித்ததைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழிக்க வேண்டும் என்பதை அவருக்குக் குமுதவல்லிதான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

பிறகு அவர் ஒன்று கேட்டார். "தம்பி, இன்னைக்கு அந்தப் பக்கம் ஆர்டர் வந்தா, யாரைப் பத்தியும் எங்ககிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். ரூலை மீற வேண்டாம். ஐசியை வாங்கினதும் பேரை வாய்விட்டுப் படிச்சிட்டு எழுதுங்க. அது தப்பா?"

கிஷன் யோசித்தார். "படிக்கிறது தப்பில்லையே."

*

பாயா செராய் தோட்டத்தின் ஒன்பதாம் பிளாக் முழுக்கச் செம்பனை. மண்பாதை முடியும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு ரப்பர் மரம் நின்றது. தோட்டம் செம்பனைக்கு மாறியபோதுகூட வெட்ட யாரும் முன்வராத மரம். டெலிவரி தாளில் குறித்திருந்த இடம் இதுதான்.

மரத்தடியில் ஒரு கருங்கல். கல்லின் முன்னால் ஊன்றிய சூலம். அதன் காலடியில் இரண்டு ஸ்டவுட் போத்தல்.

வசந்தன் குனிந்து பார்த்தான். "அக்கா, மூடி திறந்திருக்கு. ஆனா கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு. எறும்பு செத்து மிதக்குது. பதினஞ்சு நாளா ஒருத்தனும் தொடலை." அவன் குரலில் முதல்முறையாக நிஜமான அதிர்ச்சி இருந்தது. "சந்திரன் அண்ணன் இதைப் பார்த்தா மாரடைப்புலேயே போயிடுவாரு."

பக்கத்தில் நறுக்கிய எலுமிச்சம்பழம், குங்குமம் தடவியபடி காய்ந்து கிடந்தது.

"முனியாண்டி," என்றார் லோகேஸ்வரி. "கோயில்லதான் இருந்தாரு. நாலு மாசத்துக்கு முன்னால புதுக் கோயில் கட்டி முடிச்சாங்க. இனிமே சேவல் இல்ல, சுருட்டு இல்ல, மது இல்லன்னு தீர்மானம் போட்டாங்க. இவரை இங்க கொண்டுவந்து வச்சுட்டாங்க."

"ஓ, வீடு மாத்திட்டாங்களா," என்றான் வசந்தன். "புது முகவரியை ஐசியில மாத்தினாரா? அவருக்கு இருபத்தொண்ணு ஆயிடுச்சான்னு முதல்ல எவனாவது கேட்டானா?"

"அதைத்தான் யாரும் கேக்கலை," என்றார் குமுதவல்லி. "அமாவாசை, பௌர்ணமி, உச்சி வேளை, எலுமிச்சை. குடிக்கிறவன் இல்லடா இது. படைக்கிறவன். சீட்டுப் படம் குரூப்புல சுத்தின பிறகும் அவனால படையலை நிறுத்த முடியாது. லிங்கிக் கடைக்கு நடந்து போய் வாங்கவும் முடியாது. போனா ஊர் பார்க்கும். அந்த லேமினேட் அட்டையையும் இனிமே நீட்ட முடியாது, ஊர் முழுக்க அந்தப் பேருதான். அப்ப யார் ஐசியை நீட்டுவான்?"

பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது மோட்டோ சத்தம் கேட்டது. வெட்டிப்போட்ட மட்டைக் குவியலுக்குப் பின்னால் காரை முன்பே மறைத்துவிட்டு, மூவரும் ஒரு பருத்த செம்பனைக்குப் பின்னே நின்றார்கள்.

முதலில் வந்தது ஒரு பழைய மோட்டோ. ஓட்டியவர் கண்ணாடி இறக்கிய ஹெல்மெட்டோடு, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிடத்தில் கிஷன் வந்தார். பையை எடுத்தார். கையை நீட்டினார்.

"ஐசி, அண்ணே."

ஹெல்மெட் தயங்கியது. கையுறை சட்டைப்பைக்குள் போனது, வந்தது, மறுபடி போனது. கடைசியில் ஓர் அட்டை வெளியே வந்தது. இந்த முறை சிப்பு வெயிலில் பளீரென்று மின்னியது.

கிஷன் அட்டையைப் பிடித்து, பள்ளிப் பிள்ளை மாதிரி உரக்கப் படித்தார்.

"சத்தியசீலன்..." நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். "அண்ணே, போன வாட்டி நீங்க லோகேஸ்வரியா இருந்தீங்களே?"

வசந்தனால் அதற்குமேல் மரத்துக்குப் பின்னால் நிற்க முடியவில்லை. "வணக்கம் தலைவரே! இறங்குங்க. முனியாண்டிக்கு நேரமாகுதுலா."

மோட்டோ அணைந்தது. ஹெல்மெட் கழன்றது. கோயில் தலைவர் சத்தியசீலன், அறுபது வயது, நெற்றியில் மூன்று பட்டை விபூதி, வியர்வையில் கரைந்து புருவத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"நான் குடிக்கலை," என்றார். அதுதான் அவருக்கு முதலில் சொல்லத் தோன்றியது.

"அது போத்தலுக்கே தெரியும் ஐயா," என்றார் குமுதவல்லி. "ஒரு சந்தேகம் எனக்கு வந்ததே அதனாலதான். சந்திரன் குடிக்கிறதை ஊரே பார்க்குது. வெக்கம் இல்லாத மனுசனுக்கு இன்னொருத்தர் ஐசி எதுக்கு? மேடையில சத்தம் போட்டவருக்குத்தான் அது வேணும்."

சத்தியசீலன் கல்லைப் பார்த்தார். சூலத்தைப் பார்த்தார். குரல் இறங்கியது. "இவரை நகர்த்தின வாரமே என் வேன் வாய்க்கால்ல விழுந்துச்சு. மறு மாசம் பேத்திக்குக் காய்ச்சல், இறங்கவே இல்ல. நான் என்னம்மா செய்யறது? தீர்மானம் போட்டவனே போய்க் கடையில ஸ்டவுட் வாங்க முடியுமா?"

"போட்ட தீர்மானத்தை வாபஸ் வாங்கியிருக்கலாம்," என்றார் லோகேஸ்வரி.  "அதை விடுங்க ஐயா. உங்க ஐசியைக் காட்டியிருக்கலாமே. முதல் தடவையே."

சத்தியசீலன் நிமிர்ந்தார். நியாயம் தன் பக்கம் இருக்கிற ஒரே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி, குரலில் கொஞ்சம் கம்பீரம்கூட வந்தது.

"அது எப்படிம்மா? எவனோ ஒரு கம்பெனி. என் பேரு, நம்பர், வீட்டு அட்ரஸ் எல்லாம் எடுத்து வச்சுக்கிறான். நாளைக்கு அது எங்க போகும், யார் கைக்குப் போகும்னு தெரியாது. நம்ம சொந்த விவரத்தை அப்படிக் கண்டவன்கிட்ட கொடுக்கலாமா? பேப்பர்ல படிக்கிறதில்லையா?"

 தூரத்தில் குரங்கு ஒன்று கத்தியது.

"அதனால என்னுதைக் கொடுத்தீங்க," என்றார் லோகேஸ்வரி.

"பைலைத் திறந்தேன். மேல உன்னுது இருந்துச்சு. அவ்வளவுதான். வேற எதுவும் இல்ல."

"அப்புறம் என் பேரு வெளிய வந்ததும், எல்லாருக்கும் முந்தி நீங்கதான் எழுதினீங்க."

சத்தியசீலன் ஹெல்மெட்டைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

கிஷன் சீட்டில் எழுதி முடித்திருந்தார். சத்தியசீலன், நான்கு எண்கள். வசந்தன் கைப்பேசியைத் தூக்கினான். "ஒரே ஒரு படம். குரூப்புல போடறேன். கீழ என்ன எழுதணும்னும் யோசிச்சு வச்சுட்டேன்."

"வேண்டாம்," என்று லோகேஸ்வரி அவன் கையைக் கீழே இறக்கினார். பையிலிருந்து சீட்டைக் கிழியாமல் உரித்தார். கைப்பையிலிருந்து பேனா எடுத்தார். சீட்டைக் கிஷனின் மோட்டோ இருக்கையில் வைத்து, குறுக்கே இரண்டு கோடுகளை, நேராக, பெயருக்கு மேலேயே இழுத்தார். நடுவில் எழுதினார்: 'பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும்.'

"நாளைக்குப் பத்து மணி, ஐயா. நீங்களே சொல்லிட்டா இது என் பையைவிட்டு வெளிய வராது."

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. சத்தியசீலன் ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டினார். பிறகு சொன்னார். நீட்டி முழக்குகிறவர், அன்றைக்கு நாலே வாக்கியத்தில் முடித்தார். அந்தப் பேர் டீச்சருடையது, கை தன்னுடையது. வாங்கியது முனியாண்டிக்கு. எழுதியது பொய். கடிதத்தை மேசை மேலேயே கிழித்தார்.

கடைசி வரிசையில் சந்திரன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "அப்ப நாலு வாட்டியும் யாருமே குடிக்கலையா?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வந்த தலைவரிடம் லோகேஸ்வரி வேறு ஒன்று கேட்டார். "அலமாரியைத் திறங்க. எல்லாருடைய நகலையும் அவங்கவங்க கையில கொடுங்க."

பாலர்பள்ளிக்கென்று ஆசிரியைகளிடமும் தாய்மாரிடமும் வாங்கிய அறுபத்தோரு நகல்கள் வெளியே வந்தன. வேலையை விட்டவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், செத்துப்போன மூன்று பேர். பெண்கள் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் லோகேஸ்வரி.

சத்தியசீலன் பழக்கதோஷத்தில் ஒரு நோட்டைத் திறந்தார். கோடு போட்டார். பேனாவை நீட்டினார்.

"திருப்பி வாங்கிட்டதுக்கு ஒரு அத்தாட்சி வேணுமில்ல. பேரு, ஐசி நம்பர் எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

சுவரோரமாக நின்ற வசந்தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். குமுதவல்லி அவன் வாயைப் பொத்தினார்.

லோகேஸ்வரி பேனாவை வாங்கவில்லை. முப்பத்து நான்கு வருடத்துக்கு முன் இதே தோட்டத்தில், தலைவர் வீட்டுக்கு நான்காம் வீட்டில் பிறந்தவர். தலைவரையே நேராகப் பார்த்தார்.

"ஏன் ஐயா, என்னை உங்களுக்குத் தெரியாதா?"

சத்தியசீலன் நோட்டை மூடினார்.